ஒரு பக்கம் அடைத்த குழாய்

மண்ணூர்பேட்டை
6.9.1987

அக்காவுக்கு,

மணவாளன் எழுதுவது. அயனம்பாக்கத்தில் அம்மாவும் அப்பாவும் நலம். மாடு கன்று போட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்லண்டில் இடம் குறைவு.

எங்கள் பட்டறைக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. அங்கே பழைய காலத்துத் துப்பாக்கி மாதிரியே புதிதாகச் செய்து வைத்துக்கொண்டு பலகையைக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். பொழுதுபோக்கு. மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, ஒரு மரக்கோலால் இடித்து இறக்க வேண்டும். கல் உரசிப் பொறி பறந்து வெடிக்கும். நாலு தடவை சுட்டால் உள்ளே முழுக்கக் கரி. அப்போது அதே கோலின் நுனியில் இருக்கும் பித்தளை முனைமேல் துணியைப் போட்டுக் குழலைத் துடைக்க வேண்டும். அந்தக் கோல், முனை, கரி சுரண்டும் தகடு, உள்ளே தங்கிவிட்ட துணியைக் கொக்கி போட்டு எடுக்கும் சுருள் கம்பி, இவ்வளவும்தான் எங்கள் வேலை. சுருள் கம்பிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் புழு. என்னோடு லேத்தில் நிற்கும் வேம்புலிக்கு அதைச் சொன்ன நாளிலிருந்து ஒரே சிரிப்பு. “இன்னா மச்சான், இன்னிக்கு எத்தினி புழு?” என்று கேட்டுக்கொண்டேதான் மெஷினை ஓட்டுகிறான்.

முதல் சாம்பிள் திரும்பி வந்துவிட்டது. ‘உபயோகத்தில் முனை கோலை விட்டுக் கழல்கிறது’ என்று ஒரே ஒரு வரி. எனக்கு விளங்கவில்லை. குழல் அளவுக்கு ஒரு பைப்பை வெட்டி வைத்திருக்கிறோம். அதில் இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் எடுக்கிறோம். வேம்புலி ஒரு நாள் முழுக்க நுழைத்து எடுத்தான். ஒன்றுகூடக் கழலவில்லை. வெள்ளைக்காரன் சாக்கு சொல்கிறான் என்கிறார் முதலாளி ஜம்புலிங்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டறையில் ஒருவரும் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. அதுதான் கோளாறு.

அடுத்த சாம்பிள் அக்டோபர் கடைசிக்குள் கப்பலேற வேண்டும். அதுவும் திரும்பினால் ஆர்டர் இல்லை. சைக்கிள் பாகம் செய்துகொண்டிருந்த முதலாளியை வற்புறுத்தி இதில் இறக்கியவன் நான். ஆர்டர் போனால் நானும் வேம்புலியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நம் உறவில் துப்பாக்கி இருக்கும் ஒரே வீடு உன் வீடு. மாமா என்னோடு பேசுவதில்லை என்பது தெரியும். பேச வேண்டாம். குழல் வாயின் உள் அளவு மட்டும் வேண்டும். ஸ்கேலால் அளக்காதே, சரியாக வராது. ஒரு குச்சியை இறுக்கமாக உள்ளே போகும்படி சீவி, அந்தத் துண்டை அனுப்பு. அந்த அளவில் ஒரு முனை செய்து அனுப்புகிறேன். அவர் துடைத்துப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று சொன்னால் போதும்.

மணவாளன்

---

ஆலங்கொல்லை, போளூர் வழி
14.9.1987

தம்பி மணவாளனுக்கு அக்கா தாட்சாயிணி எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். புழுவைப் பற்றி இருக்கிறது, பைப்பைப் பற்றி இருக்கிறது, மாடு கன்று போட்டதும் இருக்கிறது. நான் முழுகாமல் இருக்கிறேன் என்று அம்மா உன்னிடம் சொன்னாளா இல்லையா? சொன்னாள் என்றுதான் எனக்கு எழுதியிருக்கிறாள். எப்படி இருக்கிறாய் அக்கா என்று ஒரு வார்த்தை எழுத இன்லண்டில் இடமில்லை போலிருக்கிறது. நன்றாக இருக்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

போன வருஷம் தலைதீபாவளிக்கு வந்த மனிதர் இலையில் உட்காராமல் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தார். எதனால் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பன்றி துரத்த லைசென்ஸ் வாங்கி, அவர் அப்பா காலத்திலிருந்து வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றி நாலு பேர் முன்னால் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ குறுக்கே புகுந்து, “அது இன்னா துப்பாக்கி மாமா, ஒரு பக்கம் அடைச்ச பைப்பு” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்கு நான் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது கடலைக் காட்டில் பன்றி இறங்குகிறது. அவர் ராத்திரி பரண்மேல், பகலில் ஏர் வேலை. அதனால் அவருக்குத் தெரியாமல் நானே அளவு எடுத்துவிடலாம் என்று அரிவாள்மணையில் குச்சி சீவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. என்ன என்று கேட்டார். மறைக்கத் தெரியாமல் கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். பொறுமையாகப் படித்தார். கடைசி பத்தியை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போனார். சரி, போயிற்று என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மிமேல் ஒரு பூவரசந்துண்டு இருந்தது. அவரே சீவியது. அதைத்தான் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். “வேலை போயிடும்னு எழுதிக்கிறான். கோலை அனுப்பச் சொல்லு. சுட மாட்டேன், துடைச்சுப் பாக்கறேன்,” என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் அவ்வளவு தூரம் வந்தது பெரிது.

தாட்சாயிணி

---

மண்ணூர்பேட்டை
20.9.1987

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? முதலில் எழுதிவிட்டேன்.

பூவரசந்துண்டை மைக்ராமீட்டரில் வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு. கத்தியால் இவ்வளவு உருண்டையாகச் சீவ முடியும் என்று நான் நினைக்கவில்லை. மாமாவிடம் சொல். நன்றி என்றும் சொல்.

கோலைப் பூந்தமல்லியில் போளூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரராம். சாக்கில் சுற்றிக் கட்டியிருக்கிறது. உள்ளே ஒரு புழுவும் இருக்கிறது, சிரிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. பழைய வேட்டித் துணியைச் சதுரமாகக் கிழித்து, இரண்டாக மடித்து எண்ணெயில் நனைத்து, முனைமேல் போட்டு உள்ளே தள்ள வேண்டும். கோல் மரம்தான், ஆனால் நேர் இழை, உடையாது. முனை பித்தளை, குழலைக் கீறாது. மாமா வைத்திருப்பது இரும்புக் கம்பி என்று அம்மா சொன்னாள். அதை நிறுத்தச் சொல், இரும்பு குழலின் வாயைத் தேய்த்துவிடும். முனை கோலில் பசையால் ஒட்டியிருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த பசை. சுத்தியலால் அடித்துப் பார்த்தோம், விடவில்லை.

சொன்னபடி மட்டும் செய்யச் சொல். அவர் தன் யோசனையைச் சேர்த்தால், எது என் தப்பு, எது அவர் தப்பு என்று பிரிக்க முடியாமல் போகும்.

மணவாளன்

---

ஆலங்கொல்லை
1.10.1987

டேய் மணவாளா,

கையெழுத்து ஒரு மாதிரி இருந்தால் கோபத்தில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும் என்று உன் மாமா நேற்றுக் காலையில் உன் கோலைக் கையில் எடுத்தார். நீ எழுதியதை நான் வாசிக்க வாசிக்க, அப்படியே செய்தார். தன் யோசனை ஒன்றும் சேர்க்கவில்லை. வேட்டித் துணி, இரண்டு மடிப்பு, எண்ணெய். வழவழவென்று இறங்கிற்று. அடி வரைக்கும் போனது. அவர் முகத்தில்கூட ஒரு இது தெரிந்தது. நல்ல சாமான் என்று சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு இழுத்தார். வரவில்லை. உள்ளே இருந்த கரியில் துணி சுருண்டு பிடித்துக்கொண்டது. துப்பாக்கியின் அடிக்கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு பலமாக இழுத்தார். கோல் வந்துவிட்டது. மரம் மட்டும். உன் பித்தளை முனையும் துணியும் உள்ளே, அடியில்.

புழுவை விட்டுத் திருகிப் பார்த்தார். துணி நார் நாராக வந்தது. பித்தளை அசையவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டினோம். வெந்நீர் ஊற்றினோம். ம்ஹூம்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஒரு பக்கம் அடைச்ச பைப்புன்னு சொன்னது அவன்தானே. அவனுக்கே மறந்துபோச்சா?” என்றார்.

எனக்கு அது என்னவென்று புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

அன்றைக்கே பன்றி வந்துவிட்டது. அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு காடு முழுக்க ஓடினார். ஏரிப் பக்கத்து இரண்டு பாத்தியை உழுது போட்டதுபோல் புரட்டிவிட்டது. பறிக்க இன்னும் ஒரு மாதமாவது இருக்கிறது. துப்பாக்கி இல்லாமல் அதுவரை என்ன மிஞ்சும்? இன்றைக்கு வயிற்றில் பித்தளையோடு அதற்குப் பொட்டு வைத்துப் படையல் போட்டேன். ஊர்க் கொல்லர் உலையில் வைத்துக் காய்ச்சினால் இளகி வரும் என்கிறார். இவர் சரி என்று சொல்லப்போகிறார். உடனே பதில் போடு.

தாட்சாயிணி

---

மண்ணூர்பேட்டை
4.10.1987

அக்காவுக்கு,

உலையில் வைக்கக் கூடாது. காய்ச்சிய குழலின் பலம் போய்விடும். அடுத்த வெடியில் மாமா முகத்துக்கு நேரே பிளக்கும். கொல்லர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் மாமாவிடம் இதை முதலில் சொல். பிறகு மற்றது.

மாமா சொன்னது எனக்குப் புரிந்தது. உன் கடிதத்தை லேத் பக்கத்தில் நின்று படித்தேன். அந்த வரி வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, எங்கள் சோதனைப் பைப்பைக் கையில் எடுத்து அதன் வழியாக ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் தெரிந்தது. அக்கா, எங்கள் பைப்பு இரண்டு பக்கமும் திறந்தது. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் விழும். நாங்கள் ஒரு தடவைகூடக் கோலைத் திருப்பி இழுக்கவில்லை. தள்ளும்போது பசை தாங்கும். இழுக்கும்போதுதான் விடும். துப்பாக்கியில் போன வழியாகவே திரும்பி வர வேண்டும், வேறு வழி கிடையாது. அமெரிக்காக்காரன் எழுதிய ஒரு வரிக்கு இதுதான் அர்த்தம்.

வேம்புலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பைப்பு வழியாகப் பார்த்தான். “மச்சான், நாம இத்தினி நாளா துப்பாக்கிக்கா செஞ்சோம்? ஊதுகுழலுக்குல்ல செஞ்சுகினு கீறோம்,” என்றான்.

முனைக்கும் கோலுக்கும் குறுக்கே துளை போட்டு ஒரு பித்தளை ஆணி அடித்தால் இழுத்தாலும் வராது. அது அரை மணி வேலை. மாமாவின் துப்பாக்கிதான் முதல் வேலை. அதை வெளியே எடுக்க எனக்கு ஒரு வழி தெரியும்.

உங்கள் துப்பாக்கியில் கல் இல்லை, தட்டினால் பொறி விடும் கேப்பு. அந்தக் கேப்பை மாட்டும் சின்ன மூக்கு குழலின் அடியில் திருகியிருக்கும். மாமா அதைக் கழற்றி, மூக்கை மட்டும் அதே கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பட்டும். அதன் மரையைப் பார்த்து அதே மரையில் ஒரு இணைப்பு கடைவேன். அதில் கிரீஸ் கன்னை மாட்டி அடித்தால், கிரீஸ் பித்தளைக்குப் பின்னால் போய் நிரம்பி, அதை வாய் வழியாக வெளியே தள்ளும். பின்னால் இருந்து தள்ள ஆளில்லாத இடத்தில் கிரீஸ் தள்ளும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.

அவர் என்னோடு பேச வேண்டியதில்லை. குழலை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

மணவாளன்

---

ஆலங்கொல்லை
13.10.1987

தம்பிக்கு,

நீ போன பிறகு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசல் தூணில் கிரீஸ் போகவில்லை. போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கறையைக் காட்டித்தான் உன் மாமா கதை சொல்கிறார். நீ அடிக்க அடிக்க ஒன்றுமே நடக்காமல் இருந்ததையும், நீ கைமாற்றிக்கொண்டதையும், பிறகு குழல் வாயில் பித்தளை மினுக்கென்று எட்டிப் பார்த்ததையும் சொல்கிறார். “புள்ளத்தாச்சி வவுத்துல இருந்து புள்ள வர்ற மாதிரி வந்துச்சு,” என்று என் எதிரிலேயே சொல்கிறார். வெட்கமே இல்லை.

உன்னிடம் நேரில் சொல்ல விடாமல் அம்மா கொடுத்த முறுக்குக் கதையைப் பேசியே பொழுதை ஓட்டிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். நீ இங்கே இருந்த வரையில் ஒரு தடவைகூட அதைப் பைப்பு என்று சொல்லவில்லை. துப்பாக்கி, துப்பாக்கி என்றே சொன்னாய். ஆணி அடித்த புதுக் கோலை அவர் கையில் கொடுத்து, கிரீஸை வழித்து எடுக்கச் சொன்னபோதும், “மாமா, நீங்க எவ்ளோ வேணா பலமா இழுங்க. பிடுங்கிக்கினா நல்லது, இப்பவே தெரிஞ்சுடும்,” என்றாய். அவர் அன்றைக்குச் சாயங்காலம் வரை துடைத்தார் தெரியுமா? நீ பஸ்ஸுக்குப் போன பிறகும். கிரீஸ் எப்போதோ போய்விட்டது. ஏன் இன்னும் துடைக்கிறீர்கள் என்றால், “அவன் இழுக்கச் சொன்னான்ல, இழுத்துப் பாக்கறேன்,” என்கிறார். காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். வரவில்லை. அதை அப்படியே உனக்கு எழுதச் சொன்னார்: எண்ணெய்த் துணியில் இழுத்தேன், காய்ந்த துணியில் இழுத்தேன், கரியை வேண்டுமென்றே தடவி இழுத்தேன், முனை அசையவில்லை. பெயரோடு எழுதச் சொன்னார். “மணவாளனுக்கு எழுது” என்றார்.

பன்றி திங்கட்கிழமை வந்தது. வெறும் மருந்தை மட்டும் போட்டு ஒரு வெடி. அவ்வளவுதான், மலைப் பக்கம் ஓடியது ஓடியதுதான். கடலை தப்பித்தது என்றே வைத்துக்கொள். அதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதில் சிக்க வைத்தவனும் நீதான் என்பதால் பாதி நன்றி குறைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு அயனம்பாக்கம் வருகிறோம். இரண்டு பேரும். அம்மாவிடம் நான் எழுதிவிட்டேன். உன்னிடம் தனியாகச் சொல்லச் சொன்னார்: இந்தத் தடவை இலையில் உட்காருவாராம்.

தாட்சாயிணி

---

மண்ணூர்பேட்டை
6.12.1987

மாமாவுக்கு,

மணவாளன் எழுதுவது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அக்கா படித்துக் காட்ட வேண்டாம், நீங்களே படியுங்கள்.

நேற்று அமெரிக்காவிலிருந்து பதில் வந்துவிட்டது. சாம்பிள் பாஸ். ஆர்டர் எங்களுக்குத்தான். முதலாளி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை முழுக்க நடந்தார். வேம்புலி டீக்கடைக்காரரை உள்ளேயே கூட்டி வந்துவிட்டான். எனக்கு முதலில் உங்களுக்கு எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நீங்கள் இழுத்துப் பார்த்துச் சொல்லாமல் இருந்தால் இரண்டாவது சாம்பிளையும் பசை போட்டே அனுப்பியிருப்பேன். ‘வேறு நல்ல பசை’ என்று வாங்கி வைத்துவிட்டேன், தெரியுமா? பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. உங்கள் கடலை இரண்டு பாத்தி போனது எங்கள் வேலை நிலைப்பதற்காக. அதை நான் மறக்க மாட்டேன்.

ஒரு செய்தி. பழைய சோதனைப் பைப்பின் ஒரு பக்கத்தைத் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைத்துவிட்டோம். உள்ளே தார் பூசிக் கரி மாதிரி பிசுபிசுப்பாக வைத்திருக்கிறோம். செய்கிற ஒவ்வொரு கோலும் அதற்குள் போய், இழுபட்டு, திரும்பி வர வேண்டும். அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று வேம்புலி சொன்னான். கதையெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனே வைத்துவிட்டான். இப்போது பட்டறையில், “இது மாமாகிட்ட போய்ட்டு வந்துச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். முதலாளியும் அப்படியே கேட்கிறார். பாக்கிங் பண்ணும் புஷ்பா, மாமாவிடம் போகாத கோலைப் பெட்டியில் வைக்க மாட்டேன் என்கிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

இதோடு கண்டக்டரிடம் ஒரு கோல் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பூவரசந்துண்டு அளவிலேயே கடைந்தது. அந்தத் துண்டு என் மேஜைமேல் இருக்கிறது, திருப்பித் தர மாட்டேன். ஒற்றை ஆணி போதும், ஆனால் உங்களுக்கு இரண்டு ஆணி அடித்திருக்கிறேன். வேம்புலி, “ஒண்ணு போதாதா மச்சான்?” என்று கேட்டான். போதும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள்.

முனை இந்தத் தடவை கழலாது. கழன்றால் உடனே கிளம்பி வருகிறேன். கழலாவிட்டாலும் வருகிறேன்.

உங்கள்
மணவாளன்